மூக்குக்கண்ணாடிக்காக எரிந்த விளக்குகள்

பல்கலைக்கழகத்தில் யார் பெரியவர் என்று கேட்டால் துணைவேந்தர் என்று சொல்வது மரியாதை. நிஜம் வேறு. திங்கள்கிழமை காலை யார் கூடக் கொஞ்சம் தூங்கலாம், வெள்ளிக்கிழமை மதியத்தோடு யார் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று முடிவு செய்கிறவர் எவரோ அவரே பெரியவர். அந்த அதிகாரம் மாடிப்படிக்கு அடியில், குனிந்து நுழைய வேண்டிய ஓர் அறையில் உட்கார்ந்திருந்தது. கதவில் 'கால அட்டவணைப் பிரிவு' என்ற பலகை. வாசல் தாழ்வானது என்பதால் ஆறடிப் பேராசிரியரும் தலைகுனிந்துதான் உள்ளே வரவேண்டும். உயர்த்திக் கட்டித் தருகிறேன் என்று ஒருமுறை கட்டடப் பொறியாளர் முன்வந்தார். வேண்டவே வேண்டாம் என்று அந்த அறையை ஆண்ட அம்மாள் சொல்லிவிட்டார்.

அவரைக் கட்டக்கா என்பார்கள். உள்ளே சுவர் முழுக்க ஒரு பலகை. அதில் நூல் இழுத்துக் கட்டிய கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு குண்டூசி, குண்டூசிக்கு ஒரு வண்ணக் காகிதம். எந்தப் பாடம், எந்த ஆசிரியர், எந்த அறை, எந்த நேரம் என்பது அத்தனையும் அதில் தொங்கும். கணினி வந்த பிறகும் அவர் பலகையை விடவில்லை. "கம்ப்யூட்டர்கிட்ட கெஞ்ச முடியாதுல்ல? பலகை இருந்தாத்தான் வர்றவங்களுக்கு கெஞ்ச வசதியா இருக்கும்" என்பார்.

வந்து கெஞ்சாதவர் கிடையாது. முதல் மணி வேண்டாம், கடைசி மணி வேண்டாம், மாடி வேண்டாம், தரைத்தளம் வேண்டாம். "அப்ப பாடமே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுங்க சார், ஒரு கட்டம் மிச்சம்" என்று கட்டக்கா சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. அடக்கமானவர் என்று எந்தச் சான்றிதழிலும் அவரைப் பற்றி எழுதியதில்லை.

அவர் அங்கே தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிப்படிப்பைத் தாண்டியிருக்கவில்லை. பகலில் தட்டச்சு, மாலையில் அதே வளாகத்தின் மாலைக் கல்லூரி. நடுவில் கல்யாணம், மகள். மகளை மடியில் போட்டுக்கொண்டு புள்ளியியல் படித்ததில் ஒருத்திக்குப் பட்டமும் இன்னொருத்திக்குக் கணக்கின் மீது தீராத வெறுப்பும் கிடைத்தன. மகள் வேறு ஊரில் குடித்தனம் போன பிறகு கட்டக்காவின் பார்வை புருஷன் பக்கம் திரும்பியது.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். "மியூசியம் ஸ்டாப்புல இத்தனை வருஷமா வண்டிய நிறுத்தறேன். உள்ள என்ன இருக்குன்னு தெரியாது" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். மறுநாளே அவரை மாலைக் கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்த்துவிட்டார் கட்டக்கா. பணிமனையில் நண்பர்கள் 'காலேஜ் பையா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கூச்சம். அப்புறம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அப்படிக் கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொண்டார். இரண்டாம் ஆண்டு முடிந்து, ஒரே ஓர் ஆண்டு பாக்கி இருந்த நேரத்தில்தான் பல்கலைக்கழகத்துக்குப் பூமியின் மீது அக்கறை வந்தது.

அக்கறை சும்மா வராது. அதற்கு ஓர் இயக்குநர் வருவார். 'நிலைத்தன்மைக்கான வியூக மாற்ற இயக்குநர்' என்று பெரிய பதவி. அதை ஒரே மூச்சில் சொல்ல முடியாததால் அவர் காட்டும் படங்களைப் பார்த்து ஊழியர்கள் சின்னப் பெயர் வைத்தார்கள்: அம்புக்குறி. அவருடைய திரையில் எதுவும் சும்மா நிற்காது. 'இன்றைய நிலை'யிலிருந்து 'நாளைய நிலை'க்கு ஓர் அம்பு பாயும். அங்கிருந்து கிளை பிரிந்து மூன்று அம்புகள் கிளம்பும். கடைசியில் ஓர் அம்பு வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அதற்குச் 'சுழற்சி' என்று பெயர். ஆள் கெட்டவரில்லை. ஓடிக்கொண்டே இருந்தால் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று உண்மையாகவே நம்பினார்.

வந்ததும் கூட்டங்களில் தண்ணீர் பாட்டிலை ஒழித்துக் கண்ணாடி டம்ளர் வைத்தார். கழிப்பறைக் கதவுகளில் பச்சை இலை ஒட்டினார். பிறகு மின்சாரத்துக்கு வந்தார். ஒரே ஆண்டில் மின்செலவில் நல்ல பங்கைக் குறைத்துக் காட்டினால் ஏதோ ஒரு பசுமை விருது கிடைக்குமாம். எங்கே குறைப்பது? ஆய்வகத்தில் கை வைத்தால் அறிவியல்காரர்கள் கடித்துவிடுவார்கள். விடுதியில் வைத்தால் மாணவர்கள் சாலையில் உட்காருவார்கள். யாரும் கடிக்காத, சாலையில் உட்கார நேரமும் இல்லாத ஒரு கூட்டம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். இருந்தது. பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் படிக்க வருகிற கூட்டம். மாலைக் கல்லூரியை மூடினால் அந்தி சாய்ந்ததும் வளாகமே இருண்டுவிடும். வரைபடத்தில் கோடு செங்குத்தாக இறங்கும். வந்த விருந்தாளியின் இலையை எடுத்துவிட்டால் வீட்டில் அரிசி மிச்சமாகும் என்பது போன்ற கண்டுபிடிப்பு. படிப்பை விட மனமில்லாதவர்கள் போனில் பாடம் பார்த்துக்கொள்ளலாம்.

செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் புருஷன்தான். சீருடையைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, எங்க காலேஜை இழுத்து மூடப்போறாங்களாமே. உனக்குத் தெரியுமா?"

"பேச்சு அடிபடுது. முடிவாகல."

"போன்ல படிக்கச் சொல்றாங்க. நாள் பூரா ரோட்டைப் பாத்த கண்ணு. போனைப் பாத்தா பத்தாவது நிமிஷம் தூங்கிடும்."

"வகுப்புல மட்டும் தூங்கறதில்லையாக்கும்?"

"தூங்குவேன். ஆனா வாத்தியார் எழுப்புவார்ல? போனு எழுப்புமா?" சிரித்துக்கொண்டே சொன்னார், சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "விடு. எனக்கு என்ன, வயசான காலத்துல பட்டம் வாங்கி எந்த விமானத்தை ஓட்டப்போறேன்? மத்தவங்களை நெனச்சாத்தான்..."

அன்றைக்கு அவர் வழக்கம்போலப் புத்தகத்தைத் திறக்கவில்லை. அட்டை போட்ட புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில், பழைய போர்வைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். கட்டக்கா அதைப் பார்த்தார்.  

மறுநாள் காலை அம்புக்குறியின் அறைக்குப் போனார்.

"உக்காருங்க மேடம். மாற்றம்னு வந்தா எதிர்ப்பு வரும். அது இயற்கை" என்று அம்புக்குறி திரையைக் காட்டினார். "பாருங்க. முதல்ல அதிர்ச்சி, அப்புறம் மறுப்பு, அப்புறம் கோபம், கடைசியா ஏற்பு. நீங்க இப்ப மூணாவது கட்டத்துல இருக்கீங்க."

"கட்டம் போடறது என் வேலை சார். நான் இதுலயே இருந்துக்கறேன், எனக்கு வசதியாத்தான் இருக்கு. ஒரு விஷயம் கேக்கணும். மாலைக் கல்லூரிக்கு அவ்வளவு கரண்டு ஏன் ஆகுது?"

"ஒவ்வொரு கட்டடத்துலயும் ஒரு வகுப்பு நடக்குது. ஒரே ஒரு வகுப்புக்காக மொத்தக் கட்டடத்துக்கும் படி, தாழ்வாரம், கழிப்பறைன்னு லைட் எரியுது."

"அப்ப எல்லா வகுப்பையும் ஒரே கட்டடத்துக்குள்ள போட்டுட்டா?"

அம்புக்குறி யோசித்தார். யோசிக்கத் தெரிந்தவர்தான். "யாராவது ஒரு கட்டடம் கொடுத்தா நல்லதுதான். கொடுக்க மாட்டாங்களே" என்றார்.

அது என்னவோ உண்மை. அந்தப் பல்கலைக்கழகத்தில் வகுப்பறை என்பது பல்கலைக்கழகத்தின் சொத்து அல்ல, துறையின் சீதனம். துறைக்குத் துறை தனிப் பூட்டு. மாலைக் கல்லூரிக்கு ஆளுக்கு ஓர் அறை, அதுவும் மின்விசிறி சுற்றாத அறையாகப் பார்த்து ஒதுக்குவார்கள். கட்டக்கா ஒவ்வொரு துறைத்தலைவரிடமும் போய்க் கேட்டார். வேதியியல்காரர் தங்கள் கட்டடத்தில் வாடை அடிக்கும் என்றார், பகலில் படிக்கிற பிள்ளைகளுக்கு மூக்கு இல்லாதது போல. மொழித்துறைத் தலைவர் நாற்காலிகள் பழையவை, டிரைவர்களின் கனத்தைத் தாங்காது என்றார். பொருளாதாரத் துறைத்தலைவர்தான் மனம் திறந்து பேசினார்:

"எங்க ரூமெல்லாம் காலியாத்தான் இருக்கு மேடம். ஆனா காலியா இருக்கறது எங்க ரூமு."

அந்தச் சுற்று முடிந்து, சாயங்காலம் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வரும்போதுதான் கட்டக்கா நிர்வாகக் கட்டடத்தை நின்று பார்த்தார். தினமும் பார்க்கிற கட்டடம்தான். நாலு மாடி. எல்லா ஜன்னலிலும் விளக்கு. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. குளிர்சாதனம் மட்டும் வெளிச்சுவரில் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

"எல்லாரும்தான் போயாச்சே, இது யாருக்கு எரியுது?" என்று காவலாளியிடம் கேட்டார்.

காவலாளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். "அது பெரிய கதைக்கா. துணைவேந்தர் ஐயா பதவிக்கு வந்த புதுசு. ஒருநாள் வீட்டுக்குப் போனவரு மூக்குக்கண்ணாடிய மறந்துட்டேன்னு திரும்பி வந்தாரு. நாங்க எல்லாத்தையும் அணைச்சிட்டோம். மேசையில முட்டிய இடிச்சுக்கிட்டாரு. 'யாருப்பா லைட்ட அணைச்சது?'ன்னு கேட்டாரு."

"சரி. அப்புறம்?"

"அவ்வளவுதான். அன்னிலேர்ந்து யாரும் அணைக்கறதில்ல. இருட்டு வேணாம்னா புழுக்கமும் வேணாம்தானேன்னு ஏசியையும் விட்டுட்டோம்."

"அணைக்கக் கூடாதுன்னு அவர் சொன்னாரா?"

"சொல்லலையே. கேட்டாரு."

ஆணை என்று ஒன்று எழுதப்பட்டிருந்தால் ரத்து செய்யலாம். கேள்வியை யார் ரத்து செய்வது? இத்தனை ஆண்டுகளாக நாலு மாடியும் ஒரு மூக்குக்கண்ணாடிக்காகக் காத்திருந்தது. அம்புக்குறியின் கணக்கில் இது வரவில்லையா என்று கட்டக்கா போய்க் கேட்டபோது அவர் முகம் லேசாகச் சிவந்தது.

"நிர்வாகக் கட்டடம் கணக்கெடுப்பு எல்லைக்கு வெளியே இருக்கு மேடம்."

"எல்லையை யார் போட்டா?"

"நான்தான். பதவில நிலைக்கணும்ல?"

நிலைத்தன்மை என்ற சொல்லுக்கு அந்த வளாகத்தில் கிடைத்த ஒரே நேர்மையான விளக்கம் அதுதான். "அப்ப மாலைக் கல்லூரிய அங்கயே நடத்திடலாமே சார். புதுசா ஒரு லைட்டும் போட வேண்டாம்" என்றார் கட்டக்கா. அம்புக்குறி குரலைத் தாழ்த்தினார். "துணைவேந்தர் மண்டபத்துல பஸ் டிரைவரா? வெளியில சொல்லிடாதீங்க. அடுத்த பருவத்து அட்டவணையில மாலை வகுப்பு வரிசையக் காலியா விட்டுடுங்க. ஆட்சிக்குழு அப்புறமா ஒப்புதல் கொடுத்துடும்."

"எழுதிக் கொடுங்க, விட்டுடறேன்."

"ஒப்புதல் இல்லாம எப்படி எழுதறது?"

"அப்ப நானும் எழுதாததை எப்படி விடறது?" என்று சொல்லிவிட்டுக் கட்டக்கா எழுந்துவிட்டார்.

அட்டவணைக் கூட்டத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முன்னொரு காலத்தில் ஓர் அறைக்காக இரண்டு பேராசிரியர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வழக்கு நீதிமன்றம் வரை போனது. அதிலிருந்து ஒரு நடைமுறை: அட்டவணை முழுவதையும் பருவத்துக்கு ஒருமுறை துணைவேந்தர் முன்னால் சத்தமாகப் படிக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் அங்கேயே எழ வேண்டும். கையெழுத்தான பிறகு பருவம் முடிகிற வரை துணைவேந்தரே ஆனாலும் கட்டத்தில் கை வைக்கக் கூடாது. யாரும் எதையும் ஒளித்து நுழைக்க முடியாத ஏற்பாடு. ஒரே ஒரு ஓட்டை: ஒவ்வொருவரும் தன் துறையின் பெயருக்கு மட்டும் காதைத் திறப்பார். அது கடந்துவிட்டால் கண்ணை மூடுவார்.

கட்டக்கா எதையும் ஒளிக்கவில்லை. நின்று, தொண்டையைச் செருமி, பள்ளிக்கூடத்தில் கவிதை ஒப்பிக்கிற குரலில் படித்தார்.

"மாலைக் கல்லூரி. வணிகவியல், நிர்வாகக் கட்டடம், முதல் தளக் கூட்ட அறை. கணிதம், அதே கட்டடம், வியூக மாற்ற இயக்குநர் அலுவலகம். வரலாறு, அதே கட்டடம், துணைவேந்தர் ஆலோசனை மண்டபம்."

நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து, இன்னும் மெதுவாகப் படித்தார். அம்புக்குறி அடுத்ததாகத் தான் காட்டவிருந்த படங்களுக்காகத் திரைக்கருவியில் கம்பியைக் குத்திக்கொண்டிருந்தார். துணைவேந்தர் வேறு ஏதோ கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வேதியியல் தலைவரின் தாடை நெஞ்சில் பதிந்திருந்தது. மொழித்துறைத் தலைவர் மட்டும் திடுக்கிட்டு விழித்து, "எங்க துறை வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு சார்."

"மாடி இல்லையே?"

"இல்ல சார்."

"சந்தோஷம்."

ஆட்சேபம் உண்டா என்று துணைவேந்தர் பொதுவாகக் கேட்டார். கைகள் ஒப்புதலாக எழுந்தன. அம்புக்குறியின் கையும் கம்பியோடு சேர்ந்து எழுந்தது. கையெழுத்து விழுந்தது.

பருவத்தின் முதல் மாலை. நர்ஸ், வெல்டர், தையற்காரர், துணிக்கடைப் பெண்கள், ஓட்டுநர்கள் எல்லோரும் பளபளவென்ற படிகளில் நின்றார்கள். செருப்பைக் கழற்றலாமா என்று ஒருவர் யோசித்தார். காவலாளிக்கு வியர்த்தது.

"அக்கா, என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க."

"உன் வேலை வாசல்ல நிக்கறது. நில்லு. அவங்க வேலை உள்ள போறது. போகட்டும். எவனாவது கேட்டா என்னைக் கை காட்டு."

கட்டக்காவின் புருஷன் மட்டும் படியில் தயங்கினார். "ஏம்மா, எனக்காகத்தான் நீ இதைப் பண்றேன்னு பேசுவாங்க."

"பேசட்டும். உங்களுக்காகவும்தான். அதுல எனக்கு என்ன வெக்கம்? ஏறுங்க, பின்னாடி ஆளு நிக்குது. பஸ்ஸுல நீங்க சொல்ற வசனம்தானே இது?"

உள்ளே, அம்புக்குறியின் வெள்ளைப் பலகையிலிருந்த அம்புகளைக் கணித ஆசிரியர் பாதி அழித்துவிட்டு, மீதியைத் திசையன் (வெக்டர்) பாடத்துக்கு வைத்துக்கொண்டார். தேநீர் குடித்துவிட்டு வந்த அம்புக்குறி, தன் நாற்காலியில் ஒரு வெல்டர் உட்கார்ந்து குறிப்பெடுப்பதைப் பார்த்துத் தாழ்வாரத்துக்கு ஓடிவந்தார்.

"இது ஒழுங்கு மீறல்!"

"கட்டத்துல இருக்கு சார். நீங்களும் கை தூக்கினீங்க."

"நான் கேக்கவே இல்ல!"

"அது என் தப்பா? ரெண்டு தடவை படிச்சேன்."

அம்புக்குறி துணைவேந்தருக்குப் போன் போட்டார். மணி அடித்தது, அடித்த இடம் அதே தாழ்வாரத்தின் கோடி. துணைவேந்தரே நடந்து வந்துகொண்டிருந்தார், கண்களைச் சுருக்கிக்கொண்டு, சுவரை ஒரு கையால் தடவியபடி. பழைய வியாதி: மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டார்.

நேராக ஆலோசனை மண்டபத்துக்குள் நுழைந்தார். வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. அவருக்கு உருவங்கள்தான் தெரிந்தன. "உக்காருங்க, உக்காருங்க. எந்தக் குழு? எனக்கு யாரும் சொல்லலையே" என்றார்.

கட்டக்காவின் புருஷன் மேசையின் தலைப்பக்கத்திலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் நீட்டினார். "இதுங்களா சார்? வண்டியில எது கிடந்தாலும் எடுத்துக் கொடுத்துத்தான் பழக்கம்."

துணைவேந்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காக்கிச் சட்டை தெரிந்தது. சுற்றிலும் முகங்கள் தெரிந்தன. கடைசியாக, வாசலில் கையைக் கட்டாமல் நிற்கிற கட்டக்கா தெரிந்தார்.

"என்னம்மா இது?"

"மாலைக் கல்லூரி சார். நீங்க கையெழுத்துப் போட்ட அட்டவணை."

"இந்தக் கட்டடத்துலயா? ஒரு பக்கம் கரண்டு மிச்சம் பண்ணணும்னு இவர் உயிரை விடறார். எவ்வளவு செலவு கூடும் தெரியுமா?"

"ஒண்ணும் கூடாது சார். நீங்க போனப்புறமும் இந்த லைட்டெல்லாம் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. கண்ணாடியத் தேடி வந்தா உங்களுக்கு இருட்டா இருக்கக் கூடாதுன்னு."

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?"

"சொல்லல சார். லைட்ட அணைச்சது யாருன்னு ஒரு தடவை கேட்டீங்க."

துணைவேந்தர் விட்டத்தைப் பார்த்தார். குளிர்சாதனம் முனகுவது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது போலிருந்தது. முட்டியைத் தடவிக்கொண்டார். ஆனால் பதவியில் இருப்பவர் முட்டியோடு நிறுத்திக்கொள்ள முடியாதே.

"என்னைக் கேட்டிருக்கணும். பருவம் முடியற வரைக்கும் நடக்கட்டும், வேற வழியில்ல. நீங்க ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்துடுங்க."

"எதுக்கு சார்? சத்தமா படிச்சதுக்கா?"

வகுப்பில் யாரோ இருமினார்கள். துணைவேந்தர் போய்விட்டார்.

பருவம் ஓடியது. மற்றக் கட்டடங்கள் அந்தியோடு இருண்டன. விருதுக்கு வேண்டிய அளவுக்கு மின்செலவு இறங்கியது. ஆட்சிக்குழுவில் அம்புக்குறி புதுப் படம் காட்டினார்: 'மாலைநேர ஒருங்கிணைப்பு வியூகம்.' எல்லாக் கட்டடங்களிலிருந்தும் ஒரே கட்டடத்தை நோக்கி அம்புகள். ஆட்சிக்குழு கைதட்டி, மாலைக் கல்லூரி அங்கேயே தொடரும் என்று தீர்மானம் போட்டது. பிள்ளைக்கு அப்பன் யார் என்பதில் கட்டக்கா வழக்காடவில்லை. பிள்ளை பிழைத்ததே, போதும்.

மன்னிப்புக் கடிதம் மட்டும் போகவில்லை. பதிவாளர் தாழ்ந்த வாசலில் குனிந்து வந்து கெஞ்சினார்: ஒரே ஒரு வரி, வருந்துகிறேன் என்று. வீட்டிலும் புருஷன் கேட்டுப் பார்த்தார்.

"ஒரு வரிதானேம்மா? எழுதிப் போட்டுட்டு உன் பலகையோட இருக்கலாம்ல?"

"அந்த ஒரு வரி அவங்க கையில இருந்தா, அடுத்த தடவை அதையே காட்டி உங்களை வெளிய போடுவாங்க. தப்புன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிடும். பலகை போனா போகுது. நீங்க போய்ப் படிங்க."

பலகை போனது. கட்டக்காவை மரச்சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். தண்டனை என்றுதான் அனுப்பினார்கள். போன முதல் வாரமே அங்கே அவர் பார்த்தது: எல்லாத் துறைகளும் நாற்காலி பற்றாக்குறை என்று எழுதிக் கேட்டிருந்தன, கிடங்கில் எல்லாத் துறைகளுக்கும் தனித்தனியாக ஒரு மூலை, மூலை நிறைய நாற்காலி, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு சங்கிலி, ஒரு பூட்டு. கட்டக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குள் பொருளாதாரத் துறைத்தலைவர் எட்டிப் பார்த்து, "மேடம், எங்க நாற்காலி..." என்று தொடங்க, "வாங்க சார், உங்களைத்தான் தேடிட்டிருக்கேன்" என்றார் அவர். அந்தக் குரலைக் கேட்டவர் நாற்காலியை மறந்துவிட்டு நடையைக் கட்டினார்.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் கட்டக்கா நிர்வாகக் கட்டடத்துப் படியில் புருஷனுக்காகக் காத்திருப்பார். வகுப்பு முடிந்து கடைசியாக வெளியே வருகிறவர் அவர்தான். பேருந்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஒவ்வொரு இருக்கையாகப் பார்க்கிற பழக்கம். மண்டபத்தையும் அப்படிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். கடைசித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒருநாள் கையில் எதையோ பிடித்துக்கொண்டு கதவருகே நின்றார்.

"ஏம்மா, மறுபடியும் கண்ணாடிய விட்டுட்டுப் போயிருக்காரு. தேடி வருவாரே. லைட்ட அப்படியே விட்டுடவா?"

"கண்ணாடிய வாசல்ல கொடுத்துடுங்க. லைட்ட அணைங்க."

"வந்து முட்டிய இடிச்சுக்கிட்டு, அணைச்சது யாருன்னு கேட்டாருன்னா?"

"என் பேரைச் சொல்லுங்க" என்றார் கட்டக்கா.

புருஷன் மேல்மாடிக்குப் போய், சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே இறங்கி வந்தார். நாலு மாடியும் மேலிருந்து கீழாக இருண்டது.